டிஸ்க் சாண்டர்: கோணம் மெஷினில், மெருகு கையில்

ஜவ்வாது மலையில் சிறு மரப் பட்டறை வைத்திருப்பவருக்கும் வைக்க நினைப்பவருக்கும் இந்த அத்தியாயம். ஜமுனாமரத்தூர், புதூர்நாடு, காவலூர் பக்கத்து ஊர்களில் கைக்கெட்டும் மரங்கள் பலா, மா, புளி, வேம்பு, காப்பிக்கு நிழல் தரும் சில்வர் ஓக். அகப்பை, மணை, பல்லாங்குழி, படச்சட்டம், தேன்பெட்டி என்று இவற்றில் எத்தனையோ செய்யலாம். இப்படிப்பட்ட பொருளை வாங்க வருபவர் முதலில் விளிம்பில்தான் விரலை ஓட்டிப் பார்ப்பார். அந்த விளிம்பைச் சுத்தமாக முடிக்க டிஸ்க் சாண்டர் பெரிய துணை.

அதனிடம் கேட்க வேண்டியவை இரண்டு: சமதளம், கோணம். அறுத்த நுனியைச் சதுரமாக்கும், 45 பாகை மூலையை நூல் பிசகாமல் பொருத்தும், வெளிவளைவை ஒரே சீராக ஓட்டும். வழவழப்பை மட்டும் அதனிடம் கேட்காதீர்கள். சுழலும் தட்டு மரத்தில் விடும் கீறல்கள் பிறைபிறையாக, நாரோட்டத்துக்குக் குறுக்கே விழும். எவ்வளவு நைசான தாள் போட்டாலும் வார்னிஷ் பட்டவுடன் அந்தப் பிறைகள் எழுந்து நிற்கும். அவற்றை நீக்குவது கையும் உப்புத்தாளும் மட்டுமே. எந்த இடத்தில் மெஷினை நிறுத்திவிட்டுக் கைக்கு மாறுவது என்று தெரிந்துவிட்டால் இந்த வேலையில் பாதியைக் கற்றுவிட்டீர்கள்.

தொடங்குமுன் ஒரு எச்சரிக்கை. இந்த மலையில் சந்தனம் வளர்கிறது. அது உங்கள் பட்டா நிலத்திலேயே நின்றாலும் வனத்துறை அனுமதியில்லாமல் வெட்டவோ, கட்டையை வைத்திருக்கவோ, கொண்டுபோகவோ கூடாது. யாராவது ஒரு துண்டைக் கொண்டுவந்து "கொஞ்சம் தேய்த்துக் கொடுங்கள்" என்றால், உரிய சீட்டு இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் தொடாதீர்கள். அரசு ஏல வகைப்பாட்டில் சந்தன மரத்தூளுக்கே தனி வகை உண்டு. ஆகவே தூள்கூட உங்கள் பட்டறையில் கிடக்க வேண்டாம்.

எந்த மெஷின் வாங்குவது

மேசையில் பூட்டும் டிஸ்க் சாண்டர்களில் 6 அங்குலம், 10 அங்குலம், 12 அங்குலத் தட்டுகள் பரவலாகக் கிடைக்கின்றன. சிறிய தட்டு நிமிடத்துக்கு 2,880 சுற்று மோட்டாரிலும், பெரிய தட்டு 1,440 சுற்று மோட்டாரிலும் வருவது வழக்கம். கணக்குப் பார்த்தால் 6 அங்குலம், 12 அங்குலம் இரண்டிலும் தட்டின் விளிம்பு ஏறத்தாழ ஒரே வேகத்தில் ஓடுகிறது: நொடிக்கு 23 மீட்டர். மரத்துக்கு இந்த வேகம் போதும். 12 அங்குலத் தட்டை 2,880 சுற்றில் ஓட்டும்படி உள்ளூரில் யாராவது செய்து தந்தால் வாங்காதீர்கள். விளிம்பு வேகம் இரட்டிப்பாகி, மரம் கருகும், தாள் பிய்ந்து பறக்கும்.

கைக் கிரைண்டரில் ரப்பர் தட்டு மாட்டி உப்புத்தாள் ஒட்டிக்கொள்வது பல பட்டறைகளில் நடக்கிறது. 4 அங்குலக் கிரைண்டர் நிமிடத்துக்கு 11,000 சுற்றுச் சுற்றும். விளிம்பு வேகம் நொடிக்கு 57 மீட்டரைத் தாண்டிவிடும். வேர்க்கட்டையைச் செதுக்கவோ, பழைய உத்தரத்தின் கரடுமுரடை எடுக்கவோ அது உதவும். நுண்வேலைக்கு ஆகாது.

முதல் மெஷினாக 10 அல்லது 12 அங்குலத் தட்டும், வார்ப்பிரும்பு மேசையும், ஒரு குதிரைத்திறன் மோட்டாரும் உள்ளதைத் தேர்ந்தெடுங்கள். மேசை சாயக்கூடியதாகவும், கோணமானி ஓடும் பள்ளம் உள்ளதாகவும் இருக்க வேண்டும். தகர மேசையில் கட்டையை அழுத்தினால் வளைந்து கொடுக்கும். அதில் கோணம் நிற்காது. விலை குறைகிறதே என்று அதற்குப் போனால் ஒவ்வொரு மூலையிலும் நேரத்தை இழப்பீர்கள்.

மெஷினை நிறுத்தி அமைத்தல்

1. மழைச்சாரல் படாத, இரண்டு பக்கம் காற்றோட்டமுள்ள இடத்தைத் தேர்ந்தெடுங்கள். கூரையிலிருந்து சொட்டும் இடத்துக்கு நேர்கீழே வேண்டாம்.

2. மெஷினைக் கனமான மேசையில் போல்ட் போட்டு இறுக்குங்கள். மேசைப்பரப்பு உங்கள் முழங்கை உயரத்துக்குச் சற்றுக் கீழே இருக்கட்டும். குனிந்து வேலை செய்தால் முகம் தூளுக்கு நேராகப் போகும்.

3. மூன்று கம்பி இணைப்பும் நல்ல எர்த்தும் கட்டாயம். 30 மில்லியாம்பியரில் அறுந்துகொள்ளும் கசிவுக் காப்புச் சுவிட்சை லைனில் பொருத்தச் சொல்லுங்கள். நீட்டிப்பு வயர் தேவைப்பட்டால் 2.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி போடுங்கள். மெல்லிய வயர் நீளமாகப் போனால் அதிலேயே மின்னழுத்தம் வீழ்ந்துவிடும்.

4. மின்சாரம் போய்த் திரும்பினால் தானாக ஓடத் தொடங்காத வகைச் சுவிட்ச் வேண்டும். மலையில் மின்தடை அடிக்கடி வரும். மின்சாரம் போன நேரத்தில் தட்டில் கைவைத்துத் தாள் மாற்றிக்கொண்டிருப்பவருக்கு, திடீரென்று மெஷின் கிளம்பினால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். சாதாரணச் சுவிட்ச்தான் இருக்கிறது என்றால், மின்சாரம் போனவுடன் முதல் வேலையாகப் பிளக்கைப் பிடுங்குங்கள்.

5. மேசைக்கும் தட்டுக்கும் இடையிலான இடைவெளியைச் சரிசெய்யுங்கள். தாள் ஒட்டிய பிறகு 1.5 மில்லிமீட்டருக்கு மேல் போகக் கூடாது. ஒரு ரூபாய் நாணயம் உரசிக்கொண்டு நுழைந்தால் சரி. இடைவெளி பெரிதானால் மெல்லிய துண்டு உள்ளே இழுபடும், விரலும் இழுபடலாம்.

6. மூலைமட்டத்தை மேசையில் நிறுத்தித் தட்டோடு சேர்த்துப் பார்த்து 90 பாகை அமைத்துக்கொள்ளுங்கள். மெஷினில் பொறித்த அளவுகோலை நம்ப வேண்டாம்.

7. இப்போது ஒரு பரிசோதனை. இரண்டு அங்குல உயரமுள்ள ஒரு கட்டையின் நுனியைத் தேயுங்கள். மெஷினை நிறுத்தி, தட்டு முழுதாக நின்றபின், அதே கட்டையைத் தலைகீழாகப் புரட்டித் தேய்த்த நுனியைத் தட்டோடு ஒட்டிப் பாருங்கள். மேலேயோ கீழேயோ வெளிச்சம் தெரிந்தால், தெரிவது உண்மைப் பிசகின் இரண்டு மடங்கு. மூலைமட்டத்துக்குத் தப்பும் பிசகும் இதில் மாட்டும்.

மின்னழுத்தம் பற்றி இன்னொன்று. 230 வோல்ட் வர வேண்டிய இடத்தில் 207 வோல்ட் வந்தால் மோட்டாரின் திருகுவிசை ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடும். சுற்று வேகத்தில் பெரிய வித்தியாசம் தெரியாது. கட்டையை அழுத்தும்போதுதான் மோட்டார் முனகும், சூடாகும். ஊர் முழுக்க விளக்கெரியும் மாலை நேரத்தில் இது அதிகம். கனமான தேய்ப்பைக் காலையில் வைத்துக்கொண்டு, மாலையைக் கைவேலைக்கு ஒதுக்கினால் மோட்டார் பிழைக்கும்.

தாள்

உப்புத்தாளின் நம்பர் கூடக் கூட மணல் நைசாகும். 80 நம்பரில் மணியின் சராசரி அளவு சுமார் 200 மைக்ரான். 120 நம்பரில் 125, 180 நம்பரில் 82, 220 நம்பரில் 68, 320 நம்பரில் 46. மர வேலைக்கு அலுமினியம் ஆக்சைடு மணி வைத்த பழுப்புத் தாள் போதும். கறுப்பு வாட்டர் பேப்பரை மெஷினில் போடாதீர்கள். அதன் இடம் கடைசிக் கைவேலையில்.

டிஸ்க் சாண்டருக்கு மூன்று தாள் வைத்துக்கொண்டால் போதும்: 80, 120, 180. வடிவம் எடுக்க 80. பெரும்பாலான வேலைக்கு 120. மென்மரத்தில் கடைசித் தொடுகைக்கு 180. அதற்கு மேல் நைசான தாளை இந்த வேகத்தில் ஓட்டினால் அது அறுப்பதை விட்டுவிட்டு உரசத் தொடங்கும். சூடு ஏறி மரம் பளபளவென்று கருத்துவிடும், அந்த இடத்தில் எண்ணெயோ சாயமோ இறங்காது.

தட்டில் தாள் ஒட்ட இரண்டு முறை உண்டு: பின்புறம் பசையுள்ளது, வெல்க்ரோ வைத்தது. வெல்க்ரோவில் தாள் மாற்றுவது எளிது. ஆனால் அதன் மெத்தை அழுத்தத்தில் அமுங்குவதால் கட்டையின் விளிம்பு கொஞ்சம் உருண்டுபோகும். படச்சட்ட மூலை, பெட்டி மூட்டு போன்ற கூர்மை வேண்டிய வேலைக்குப் பசைத்தாளைத்தான் பரிந்துரைக்கிறேன்.

பசைத்தாளை ஒட்டும் முறை:

1. பிளக்கைப் பிடுங்குங்கள். மேசையைக் கழற்றுங்கள் அல்லது முழுதாகச் சாய்த்துவிடுங்கள்.
2. தட்டில் பழைய பசையோ தூளோ இல்லாமல் துடைத்து உலரவிடுங்கள். ஒரு சிறு பசைக்கட்டி இருந்தாலும் அந்த இடத்தில் தாள் மேடாகி, ஒவ்வொரு சுற்றிலும் மரத்தில் ஒரு தனிக் கீறல் போடும்.
3. பின்தாளைப் பாதி உரித்து மடித்து, பசையுள்ள பாதியை விளிம்போடு பொருத்தி ஒட்டுங்கள். சரியாக உட்கார்ந்ததும் மறுபாதியை உரியுங்கள்.
4. நடுவிலிருந்து வெளிப்புறமாக ஒரு மரத்துண்டால் அழுத்தித் தேய்த்து, காற்றுக் குமிழை வெளியேற்றுங்கள்.
5. விளிம்புக்கு வெளியே நீட்டும் தாளைக் கத்தியால் நறுக்குங்கள்.
6. பிளக்கை மாட்டி, பக்கவாட்டில் ஒதுங்கி நின்று ஒரு நிமிடம் வெறுமனே ஓட்டுங்கள். ஒழுங்காக ஒட்டாத தாள் அந்த ஒரு நிமிடத்திலேயே பெரும்பாலும் கழன்றுவிடும்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் தாள் ஈரம் குடித்துச் சுருண்டுகொள்ளும், பசையும் பிடிக்காது. தாள்களை மூடியுள்ள தகர டப்பாவில், மேலே ஒரு பலகையைப் பாரமாக வைத்து, தட்டையாக வையுங்கள்.

இறங்கும் பக்கத்தில் மட்டும்

தட்டைப் பார்த்தபடி நின்றால், அது பெரும்பாலான மெஷின்களில் இடஞ்சுழியாகச் சுற்றும். இடப்பாதி கீழே இறங்குகிறது, வலப்பாதி மேலே ஏறுகிறது. கட்டையை இடப்பாதியில் மட்டும் வையுங்கள். அங்கே தட்டு கட்டையை மேசையோடு சேர்த்து அழுத்தும். ஏறும் பக்கத்தில் வைத்தால் கட்டையைத் தூக்கி உங்கள் முகத்தை நோக்கி எறியும், தூளும் கண்ணுக்கு வரும். உங்கள் மெஷின் மறுபக்கமாகச் சுற்றினால், இறங்கும் பக்கம் எதுவென்று பார்த்து மேசையில் பெயின்ட்டால் ஒரு அம்பு வரைந்து வையுங்கள். பட்டறைக்கு வரும் எல்லோருக்கும் அது தெரிய வேண்டும்.

உடை, உடல் விஷயங்களை நான் ஒவ்வொரு அத்தியாயத்திலும் திரும்பச் சொல்வேன். தோள்துண்டை எடுத்து வையுங்கள். வேட்டி, லுங்கி, துப்பட்டா வேண்டாம், முந்தானையை இழுத்துச் செருகுங்கள். கைக்கயிறு, காப்பு, மோதிரம் கழற்றுங்கள். தலைமுடியைத் தூக்கி முடியுங்கள். கையுறை போடாதீர்கள். சுழலும் மெஷினில் கையுறை விரலைக் காப்பதில்லை, விரலையும் சேர்த்து இழுத்துக்கொள்கிறது. கண்ணாடி, முகக்கவசம், மூடிய செருப்பு வேண்டும். நாள் முழுக்க ஓட்டுவதானால் காதடைப்பானும் வேண்டும்.

தேய்க்கும் வரிசை:

1. எதுவரை தேய்க்க வேண்டும் என்று கூரான பென்சிலால் கோடு போடுங்கள். ரம்பத்தில் அறுக்கும்போதே கோட்டுக்கு வெளியே ஒரு மில்லிமீட்டர் மட்டும் விட்டிருக்க வேண்டும். அதற்கு மேல் விட்டதைச் சாண்டரில் குறைக்க நினைப்பது தாளுக்கும் மோட்டாருக்கும் கேடு.
2. மெஷினைப் போட்டு, முழு வேகம் வரும்வரை காத்திருங்கள்.
3. கட்டையை மேசையில் படியவைத்து, மெதுவாகத் தட்டை நோக்கி நகர்த்துங்கள். தொட்டவுடன் அழுத்தாதீர்கள்.
4. இறங்கும் பாதியின் நடுப்பகுதிக்கும் விளிம்புக்கும் இடையே கட்டையை இடவலமாக ஆட்டிக்கொண்டே இருங்கள். தட்டின் பாதி ஆரத்தில் வேகம் விளிம்பில் உள்ளதில் பாதிதான், மையத்தில் சுழி. ஒரே இடத்தில் பிடித்தால் ஒரு பக்கம் அதிகமாகத் தேயும், தாளிலும் ஒரு வளையம் மழுங்கிப்போகும்.
5. இரண்டு மூன்று நொடி தேய்த்து எடுங்கள், பாருங்கள், மறுபடி வையுங்கள். தொடர்ந்து அழுத்துவதைவிட இது வேகமான வழி. தாள் குளிரவும் தூள் உதிரவும் நேரம் கிடைக்கிறது.
6. பென்சில் கோடு பாதிக் கனமாக மிஞ்சும்போது நிறுத்துங்கள். அந்த மீதிக் கோடு கைவேலைக்குரிய பங்கு.
7. மெஷினை அணைத்தபின் தட்டு தானாக நிற்கட்டும். கனமான தட்டு நெடுநேரம் ஓடிக்கொண்டிருக்கும். கட்டையால் அழுத்தி நிறுத்தாதீர்கள்.

நான்கு அங்குலத்துக்குக் குறைந்த துண்டை வெறும் விரலால் பிடிக்கக் கூடாது. சதுரங்கக் காய், பொத்தான், தொங்கட்டான் போன்றவற்றை ஒரு பிடிகட்டையில் டபுள் டேப்பால் ஒட்டி, அந்தக் கட்டையைப் பிடித்துத் தேயுங்கள்.

மூலை, வட்டம், வளைவு

படச்சட்ட மூலைக்குக் கோணமானியை 45 பாகையில் வைத்து நுனியை லேசாகத் தொட்டு எடுக்க வேண்டும். இரண்டு துண்டைத் தேய்த்து மூலைமட்டத்துக்குள் சேர்த்துப் பாருங்கள். உட்புறம் வாய் திறந்தால் ஒரு பக்கமாகவும், வெளிப்புறம் திறந்தால் மறுபக்கமாகவும் கோணமானியை மயிரிழை நகர்த்துங்கள். மூலை பொருந்திய பிறகுதான் நீளம் பார்க்க வேண்டும். எதிரெதிர்ச் சட்டங்களை முதுகோடு முதுகு சேர்த்து நீளம் ஒப்பிடுங்கள். நீளம் ஒரு மில்லிமீட்டர் பிசகினாலும் நான்காவது மூலை சேராது, கோணத்தைக் குறைசொல்லிப் பயனில்லை.

வட்டமான மரத்தட்டு செய்ய ஒரு துணைக்கருவி செய்துகொள்ளுங்கள். இந்த மெஷினின் முழுப் பயனும் அதில்தான் தெரியும்.

1. மேசை அளவுக்கு ஒரு 12 மில்லிமீட்டர் பிளைவுட்டை வெட்டி, மேசையில் கிளாம்ப் போட்டு இறுக்குங்கள். அதன் முன்விளிம்பு தட்டைத் தொடாமல், மேசையைப் போலவே ஒரு சிறு இடைவெளி விட்டு நிற்கட்டும்.
2. பிளைவுட்டில், இறங்கும் பாதியின் நடுவுக்கு நேராக, தட்டுக்குச் செங்குத்தாக ஒரு நீளப் பள்ளம் எடுங்கள். அதில் பிசகாமல் ஓடும் ஒரு மரச்சட்டம் செய்யுங்கள்.
3. சட்டத்தில் ஒரு ஆணியைத் தலை நீக்கி நிறுத்துங்கள், கூர் மேலே. வட்டத் துண்டின் அடிப்பக்க மையத்தில் அந்த ஆணி உட்காரும் அளவுக்கு ஒரு சிறு துளை போடுங்கள்.
4. ஆணிக்கும் தாளுக்கும் இடையிலான தூரம் உங்களுக்கு வேண்டிய ஆரம். அந்த இடத்தைத் தாண்டிச் சட்டம் முன்னேறாதபடி ஒரு தடுப்புக்கட்டை அடியுங்கள்.
5. துண்டை ஆணியில் வைத்து, சட்டத்தை மெல்லத் தள்ளித் தட்டைத் தொடச் செய்து, துண்டை இரு கையாலும் மெதுவாகச் சுழற்றுங்கள். சட்டம் தடுப்பைத் தொட்டபின் இரண்டு முழுச் சுற்று விடுங்கள்.

ரம்பத்தில் எவ்வளவு கோணலாக வெட்டியிருந்தாலும் இதில் வட்டம் வட்டமாகிவிடும். ஒரே அளவில் இருபது தட்டு வேண்டுமென்றால் தடுப்புக்கட்டையை அசைக்காமல் இருபதையும் முடித்துவிடுங்கள்.

வெளிவளைவை மட்டும்தான் டிஸ்க் சாண்டர் செய்யும். அகப்பையின் குழிக்கும், பல்லாங்குழியின் குழிகளுக்கும் இது உதவாது. குழியைத் தட்டின் விளிம்பில் வைத்துத் தேய்க்க முயல்வது ஆபத்து.

தேன்பெட்டி செய்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பெட்டியின் மேலடுக்கும் கீழடுக்கும் வெளிச்சம் புகாமல் படிய வேண்டும். அதற்கு நுனி சதுரமாக இருப்பது முக்கியம், ஆகவே சாண்டரில் நேரம் செலவிடுங்கள். உட்புறத்தை மெருகேற்ற வேண்டாம், வார்னிஷும் வேண்டாம். தேனீக்கு அது தேவையில்லை.

மெஷினிலிருந்து கைக்கு

1. மெஷினில் 120 அல்லது 180 முடிந்ததும், தேய்த்த முகம் முழுக்க மெல்லிய பென்சிலால் கிறுக்குங்கள்.
2. தக்கை அல்லது நேரான மரத்துண்டில் 120 நம்பர் தாளைச் சுற்றி, நாரோட்டத்தோடு தேயுங்கள். மெஷினில் 180 போட்டிருந்தாலும் கையில் ஒரு படி பின்னால் போய்த் தொடங்குவது நல்லது. குறுக்குப் பிறைகளை 180 கையால் எடுக்க நெடுநேரம் ஆகும். பென்சில் முழுதாகப் போகும்வரை விடாதீர்கள்.
3. தூளைத் துடைத்து, மேசை விளக்கைப் பக்கவாட்டில் தாழ வைத்துப் பாருங்கள். நேர் வெளிச்சத்தில் ஒளிந்துகொள்ளும் கீறல் சாய்வெளிச்சத்தில் தெரியும். ஒரு பிறை தெரிந்தாலும் அதே நம்பரில் தொடருங்கள்.
4. பிறகு 180, பிறகு 220. ஒவ்வொரு நம்பருக்கும் முன் மறுபடி பென்சில்.
5. ஈரத்துணியால் ஒருமுறை ஒற்றி உலரவிடுங்கள். படுத்திருந்த நார்கள் எழும்பும். அவற்றை 320 நம்பரால் லேசாக வருடி எடுத்துவிடுங்கள். உணவு படும் அகப்பைக்கும் மணைக்கும் இந்தப் படியை விடவே கூடாது. இல்லையென்றால் வாங்கியவர் முதல்முறை கழுவியதுமே அது சொரசொரப்பாகிவிடும்.
6. நுனிமுகத்தை மற்ற முகங்களைவிட ஒரு நம்பர் கூடுதலாகத் தேயுங்கள். அது எண்ணெயை அதிகம் குடித்துக் கருக்கும். நைசாக இருந்தால் குறைவாகக் குடிக்கும், நிறம் ஒத்துவரும்.

நம்பரைத் தாண்டாமல் போவதில் ஏன் இவ்வளவு பிடிவாதம்? காவலூரில் வைணு பாப்பு வானாய்வகத்தின் 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986 முதல் இயங்குகிறது. அதன் முதன்மை ஆடியை பெங்களூருவில் இந்திய வானியற்பியல் நிறுவனத்திலேயே தேய்த்து மெருகேற்றினார்கள். ஆடித் தேய்ப்புக்கும் விதி இதுதான்: ஒவ்வொரு மணலும் முந்தைய மணல் விட்ட குழிகளை முழுதாக எடுத்த பிறகே அடுத்தது. 80இன் கீறல் ஆழத்தை 220 மணி எட்டவே முடியாது. மேலே மட்டும் வழவழப்பாகும், கீழே கீறல் அப்படியே இருக்கும். கைக்குத் தெரியாத அந்தக் கீறலைப் பாலிஷ் வெளிச்சம் போட்டுக் காட்டிவிடும்.

மரத்துக்கு மரம்

பலா: இந்த வேலைக்கு மிக நல்ல மரம். நன்றாக அறுபடும், எளிதில் கருகாது. தூள் மஞ்சளாக வியர்வையில் ஒட்டும். பௌத்தத் துறவிகளின் ஆடைக்குச் சாயம் எடுத்ததே பலா வைரத்திலிருந்துதான். பக்கத்தில் வெள்ளை மரத்தை வைத்துக்கொண்டு தேய்க்காதீர்கள்.

புளி: வைரம் மிகக் கடினம். 80 நம்பரில் புதுத் தாள் போட்டு, தொட்டுத் தொட்டு எடுங்கள். மழுங்கிய தாளில் உடனே கருகும்.

மா: நார் பஞ்சுபோல் எழும்பும். ஈரத்துணிப் படியை இரண்டு முறை செய்ய வேண்டியிருக்கும்.

சில்வர் ஓக்: ஆரக் கோடுகள் அழகாக மின்னும். மென்மையானது, ஆகவே அழுத்தம் குறைவாக. இதன் தூள் சிலருக்குத் தோலில் அரிப்பை உண்டாக்கும். முழுக்கைச் சட்டையின் கையை மணிக்கட்டில் பொத்தான் போட்டு இறுக்கிக்கொள்ளுங்கள்.

வேம்பு: தூள் மூக்கை எரிக்கும். கவசமில்லாமல் தொடாதீர்கள்.

வேங்கை: உரிய சீட்டோடு வாங்கிய கட்டையென்றால், தண்ணீர் பட்டதும் சாயம் விடும் என்பதை நினைவில் வையுங்கள். வெளிர்மரத்தோடு இழைத்த வேலையில் ஈரத்துணியைத் தவிர்த்துவிடுங்கள்.

தேக்கு: மரத்துக்குள் இருக்கும் சிலிக்கா தாளைச் சீக்கிரம் மழுக்கும், எண்ணெய்ப்பசை தாளை அடைக்கும். தாள் செலவைக் கூலியில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

எந்த மரமானாலும் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். பச்சை மரத்தைச் சாண்டரில் வைத்தால் தாள் அடைத்துக்கொள்ளும், இன்று எடுத்த 90 பாகை அடுத்த மாதம் 90 ஆக இருக்காது.

தூள்

உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1995ஆம் ஆண்டிலேயே மரத்தூளை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் சேர்த்துவிட்டது. குறிப்பாக மூக்கறையிலும் அதைச் சுற்றிய எலும்பறைகளிலும். கைக்குட்டை கட்டிக்கொள்வது போதாது. நைசான தூள் அதனூடே போய்விடும். ஐ.எஸ். 9473 தரமுத்திரை உள்ள எஃப்.எஃப்.பி.2 வகை முகக்கவசம் வாங்குங்கள். மூக்கின் மேல் கம்பியை அழுத்தி, காற்று ஓரத்தில் கசியாமல் போடுங்கள். மெஷினின் தூள் வாயில் வேக்குவம் குழாயைப் பொருத்திவிட்டால் பெரும்பகுதி அங்கேயே அடங்கும். கவசத்தை அதற்காகக் கழற்ற வேண்டாம்.

பழைய வீட்டுக் கதவு, தூண், தொட்டில் போன்ற பெயின்ட் அடித்த மரத்தைச் சாண்டரில் வைக்காதீர்கள். வீட்டுப் பெயின்ட்டில் ஈயம் 90 பி.பி.எம். அளவைத் தாண்டக் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பெயின்ட்டில் என்ன இருக்கிறது என்று பார்த்துச் சொல்ல முடியாது. ஈயத்தூள் குழந்தைகளின் மூளையைப் பாதிக்கும். பல பட்டறைகள் வீட்டுத் திண்ணையிலேயே இருக்கின்றன என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

நெருப்பு இன்னொரு அபாயம். மரம் தேய்க்கும் மெஷினில் உளியையோ அரிவாளையோ தீட்டாதீர்கள். தூள் நிறைந்த பெட்டிக்குள் ஒரு பொறி விழுந்தால் வெளியே தெரியாமல் கனன்று, நீங்கள் வீட்டுக்குப் போன பிறகு பற்றும். மரத்தில் ஆணி இருக்கிறதா என்று முன்பே பார்த்து எடுங்கள். அன்றைய தூளை அன்றே மூடியுள்ள தகர டின்னில் போட்டுப் பட்டறைக்கு வெளியே வையுங்கள். ஆளிவிதை எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிப் போடக் கூடாது. அது தானாகவே சூடேறி எரியக்கூடியது. விரித்துக் காயவிடுங்கள் அல்லது தண்ணீரில் முக்கி வையுங்கள்.

வேலையில் கோளாறு வந்தால்

மரம் கருகுகிறது: தாள் மழுங்கியிருக்கிறது அல்லது அடைத்திருக்கிறது. இரண்டும் இல்லையென்றால் அதிகமாக அழுத்துகிறீர்கள்.

நுனி சதுரமாக வரவில்லை: மேசைப் பூட்டுத் திருகு தளர்ந்திருக்கும். அதிர்வில் தளர்வது சகஜம். தினமும் காலையில் மூலைமட்டம் வைத்துப் பாருங்கள்.

ஒரே இடைவெளியில் ஆழமான கீறல்: தாளின் அடியில் கட்டி இருக்கிறது, அல்லது நைசான தாளில் முரட்டு மணி ஒன்று ஒட்டியிருக்கிறது. நம்பர் மாற்றும்போது மேசையைத் துடைக்காவிட்டால் இது வரும்.

விளிம்பில் சிம்பு பிய்கிறது: நாரின் எதிர்ப்போக்கில் தேய்க்கிறீர்கள். கட்டையைத் திருப்பிப் போடுங்கள், அல்லது தேய்க்குமுன் விளிம்பைக் கையால் சற்று முனை மழுக்குங்கள்.

மெஷின் அதிர்கிறது: புதுத் தாள் போட்ட பிறகு தொடங்கியிருந்தால் தாள் நடுவில் ஒட்டவில்லை. படிப்படியாக வந்திருந்தால் பேரிங் அல்லது தட்டின் திருகு.

பராமரிப்பு

தாளைச் சுத்தம் செய்ய கிரேப் ரப்பர் கட்டி கடையில் கிடைக்கும். பழைய செருப்பின் அசல் கிரேப் அடிப்பாகமும் அதே வேலையைச் செய்யும். ஓடும் தட்டின் இறங்கும் பக்கத்தில் நீளமான துண்டாகப் பிடித்து, நடுவிலிருந்து விளிம்புக்கு மெதுவாக நகர்த்துங்கள். அடைத்த தூளும் பிசினும் ரப்பரோடு வந்துவிடும். வேலைக்கு நடுவே அடிக்கடி இதைச் செய்தால் தாள் பல மடங்கு உழைக்கும். சுத்தம் செய்த பிறகும் கருகினால் தாளின் ஆயுள் முடிந்தது. அதிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகப் பிழிந்தெடுக்கப் பார்க்காதீர்கள்.

பழைய பசைத்தாளை உரிக்க, முடி உலர்த்தியால் சூடேற்றுங்கள். பசை இளகும், ஓரத்திலிருந்து ஒரே இழுப்பாக வரும். மிச்சப் பசையைத் தின்னரால் துடையுங்கள். பிளக் பிடுங்கியிருக்க வேண்டும், கதவு திறந்திருக்க வேண்டும், அருகில் அடுப்போ பீடியோ இருக்கக் கூடாது.

வாரம் ஒருமுறை மோட்டாரின் காற்றுத் துளைகளைப் பிரஷ்ஷால் சுத்தம் செய்யுங்கள். தூள் அடைத்த மோட்டார் குளிராது. மேசைக்கு மெழுகு தேய்த்துத் துணியால் துடையுங்கள். மழைக்காலத்தில் வார்ப்பிரும்பு ஓரிரவில் துருப்பிடிக்கும், மெழுகு அதைத் தடுக்கும், கட்டையும் வழுக்கிச் செல்லும். எண்ணெய் தடவினால் மரத்தில் கறை படும். சிலிகான் ஸ்ப்ரே அடித்தால் அது மரத்துக்கு ஒட்டி, பின்னால் வார்னிஷ் மீன்கண் மீன்கண்ணாகச் சுருங்கும்.

மாதம் ஒருமுறை பிளக்கைப் பிடுங்கி, தட்டைக் கையால் சுற்றிப் பாருங்கள். கரகரவென்ற ஒலியோ ஆட்டமோ இருந்தால் பேரிங் மாற்றும் காலம். இருபுறமும் மூடிய பேரிங்குக்கு வெளியிலிருந்து கிரீஸ் போட முடியாது. அதன் பக்கத்தில் பொறித்த எண்ணைக் குறித்துக்கொண்டு போளூரிலோ திருப்பத்தூரிலோ அதே எண்ணில் வாங்குங்கள். பெல்ட் வைத்த மெஷினென்றால் வெடிப்பு இருக்கிறதா, தொய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். போட்டவுடன் "ம்ம்" என்று முனகிக்கொண்டு சுற்றாமல் நின்றால் பெரும்பாலும் கெபாசிட்டர்தான். உடனே அணையுங்கள். அப்படியே விட்டால் சுருள் எரிந்துவிடும். கெபாசிட்டர் பிளக்கைப் பிடுங்கிய பிறகும் மின்சாரம் வைத்திருக்கும், ஆகவே எலக்ட்ரீஷியனிடம் விடுங்கள்.

தட்டு நேராகச் சுற்றுகிறதா என்பதையும் அப்போதே பார்க்கலாம். மேசையில் ஒரு கட்டையைக் கிளாம்ப் போட்டு, அதிலிருந்து ஒரு திருகின் முனை தட்டைத் தொடும் தொடாத தூரத்தில் நிற்கும்படி வையுங்கள். தட்டைக் கையால் ஒரு சுற்றுச் சுற்றுங்கள். இடைவெளி கண்ணுக்குத் தெரிய மாறினால், முதலில் தட்டைக் கழற்றி, தண்டையும் துளையையும் துடைத்து, திருகை இறுக்கி மறுபடி பாருங்கள். பெரும்பாலும் நடுவில் சிக்கிய தூள்தான் காரணமாக இருக்கும். அப்படியும் ஆடினால் தட்டு வளைந்திருக்கிறது. சுத்தியலால் தட்டி நிமிர்த்தப் பார்க்காதீர்கள். லேத்தில் கொடுத்து முகத்தை ஒரு சீவல் சீவச் சொல்லுங்கள், அலுமினியத் தட்டில் வெடிப்புத் தெரிந்தால் புதிதாக வாங்குங்கள்.